கல்லீரல் புற்றுநோய் சிகிச்சையில் அப்பா: எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது?

நெடுவழி:

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. ஹெபடைடிஸ் பி கிருமி பல வருடங்களாக உடம்பில் இருந்து கல்லீரலைச் சுருக்கிவிட்டது, சிரோசிஸ் என்கிறார்கள். இப்போது அதே கல்லீரலில் புற்றுக்கட்டி. உடனே அறுவை சிகிச்சை செய்யும் நிலை இல்லை என்பதால் முதலில் டேஸ் செய்யப்போகிறார்கள் (கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் மருந்தைச் செலுத்தி, அந்தக் குழாயை அடைத்துவிடுவது). அதன் பிறகு நிலைமையைப் பார்த்து மாத்திரையா ஊசியா என்று சொல்வார்களாம்.

சிகிச்சையைப் பற்றி டாக்டர்கள் தெளிவாகப் பேசுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றித்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கறி கூடாது, முட்டை கூடாது, பால் கூடாது, எண்ணெய் கூடவே கூடாது, உப்பை அடியோடு நிறுத்து, சர்க்கரை கட்டியை வளர்க்கும். இத்தனையையும் கேட்டு நடந்தால் தட்டில் கஞ்சியும் வேகவைத்த காயும்தான் மிஞ்சும். அப்பாவும் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டை நகர்த்திவிடுகிறார்.

எடை பார்த்தால் இறங்கவே இல்லை. ஆனால் தோள், கை, நெற்றிப்பொட்டு எல்லாம் வற்றிவிட்டன. கால் வீங்குகிறது. இது எப்படி? இந்த வழியில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்னப்பறவை:

நெடுவழி, நான் உணவியல் நிபுணர். கல்லீரல் நோயாளிகளோடுதான் என் வேலை. உங்கள் அப்பாவின் ரத்தப் பரிசோதனை எதையும் நான் பார்க்கவில்லை, அதனால் இங்கே நான் எழுதுவதை அவருடைய டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் எடை. வயிற்றிலும் காலிலும் நீர் சேரும்போது அந்த நீரின் எடை, கரைந்துபோன தசையை மறைத்துவிடும். எடைக்கருவி காட்டும் எண்ணை நம்பாதீர்கள். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு டேப்பைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே கையில், அதே இடத்தில் அளந்தால் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்னீர்களே, தோளும் நெற்றிப்பொட்டும் வற்றியது, அதுதான் சரியான அளவீடு. அவருக்குத் தசை கரைந்துகொண்டிருக்கிறது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கல்லீரல் புற்றுநோயில் அடுத்த சிகிச்சையை உடம்பு தாங்குமா என்று முடிவு செய்யும்போது கட்டியின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. நோயாளி நடமாடுகிறாரா, கல்லீரலில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். தசை போனால் நடமாட்டம் போகும், தொற்று எளிதில் வரும், ஆறுவதும் தாமதமாகும். உங்கள் பட்டியலில் உள்ள "கூடாது"களில் பெரும்பாலானவை தசை கரைவதை இன்னும் வேகப்படுத்துபவை.

ஆரோக்கியமான கல்லீரல் பகலில் சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கிளைக்கோஜனாகச் சேமித்து, இரவில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கும். சிரோசிஸ் வந்த கல்லீரலில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. அதனால் ஓர் இரவு சாப்பிடாமல் தூங்கினாலே, ஆரோக்கியமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பில் என்ன நடக்குமோ அது நடக்கத் தொடங்கிவிடும். சர்க்கரை தேவை என்று உடம்பு தன் தசையையே உடைத்து எடுக்கும். ஒவ்வொரு இரவும் இது நடக்கிறது.

ஆகவே என்ன கொடுப்பது என்பதற்கு முன்னால் எப்போது கொடுப்பது என்பதைச் சரிசெய்யுங்கள். விழித்திருக்கும்போது மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக விடாதீர்கள். எழுந்தவுடன் ஏதாவது. படுக்கப்போகும் முன் கட்டாயம் ஒரு சிற்றுணவு, சுமார் 50 கிராம் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் இருக்கிற மாதிரி. ரொட்டியும் முட்டையும், பாலில் கரைத்த ஓட்ஸ், தயிரும் வாழைப்பழமும், எது அவருக்குப் பிடிக்கிறதோ அது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஒரே சத்துபானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு இரவிலும் 12 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். இரவில் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோ தசைத்திசு கூடியது. பகலில் குடித்தவர்களுக்குக் கூடவில்லை. பானம் ஒன்றுதான், நேரம்தான் வேறு.

அளவு பற்றி: ஐரோப்பிய கல்லீரல் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், உடல்பருமன் இல்லாத சிரோசிஸ் நோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 35 கலோரியாவது, 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் என்கிறது. நீரைக் கழித்த எடை 60 கிலோ என்று வைத்தால் சுமார் 2,100 கலோரி, 72 முதல் 90 கிராம் புரதம். பயந்துவிடாதீர்கள், முதல் நாளே அங்கே போக வேண்டியதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு பெரிய டம்ளர் பாலில் 8 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 8 அல்லது 9, மீனோ கோழியோ வெந்தது 100 கிராமில் 20க்கு மேல். இப்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள், அப்புறம் மெல்ல ஏற்றலாம்.

தூரத்துமேகம்:

அன்னப்பறவை சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. என் கணவருக்கு இதே நோய், அவர் மாத்திரையில் இருக்கிறார். நாலு வாயில் வயிறு நிறைவதற்குக் காரணம் பெரும்பாலும் வயிற்றில் இருக்கும் நீர் இரைப்பையை அழுத்துவது. அந்த நாலு வாயையும் வெறும் கஞ்சியில் வீணாக்காதீர்கள். முட்டை, மீன், பருப்பு, தயிர் இவற்றை முதலில் கொடுங்கள், சோறும் ரொட்டியும் பின்னால் வரட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இரண்டு வேளைகளுக்கு நடுவில் கொடுங்கள். சூப் கொடுத்தால் அதில் பால் பவுடரோ அரைத்த பருப்போ முட்டையோ கலந்து கெட்டியாக்குங்கள்.

வாசனைதான் எங்கள் வீட்டில் பெரிய சிக்கலாக இருந்தது. சமையல் மணம் வந்தாலே அவருக்குக் குமட்டும். ஆறிய சாப்பாட்டில் மணம் குறைவு, அதனால் குளிர்ந்த தயிர், ஆறவைத்த முட்டை, பழத்தோடு அடித்த பால் இவை இறங்கின. சமைக்கும் நேரத்தில் அவர் வேறு அறையில் இருப்பார், ஜன்னல்கள் திறந்திருக்கும். வாயில் உலோகச் சுவை அடிக்கிறது என்றால் ஸ்டீல் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டி கொடுத்துப் பாருங்கள். சாப்பிடும் முன் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் எலுமிச்சைப் புளிப்பு இருந்தால் நாக்கு ஒத்துழைக்கிறது.

பசி எந்த வேளையில் நன்றாக இருக்கிறது என்று கவனியுங்கள். நிறைய பேருக்கு அது காலை. அப்படியானால் பெரிய சாப்பாடு காலையில்தான்.

வேர்காணி:

எல்லோரும் மருத்துவமனைப் பக்கமே பேசுகிறீர்கள். என் பெரியப்பாவுக்கு இதே நோய் வந்தபோது எங்கள் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். புற்றுச்செல் சர்க்கரையைத்தான் தின்னும். சர்க்கரையை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை சாறு மட்டும் குடித்து விரதம் இருந்தால் கல்லீரலுக்கு ஓய்வு கிடைக்கும், நச்சு வெளியேறும். கூடவே மஞ்சள் சத்து மாத்திரையும் பச்சைத் தேயிலை மாத்திரையும் நல்லது என்று படித்தேன். இயற்கைப் பொருள்தானே, கெடுதல் என்ன வந்துவிடும்?

அன்னப்பறவை:

வேர்காணி, உங்கள் அக்கறை புரிகிறது. இந்த நோயில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாருக்கும் மனம் வராது. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் இந்த நோயாளிக்கு நேரடியாகத் தீங்கு செய்யக்கூடியவை.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. ரத்தத்தில் சர்க்கரை ஓர் அளவுக்குக் கீழே போகாமல் உடம்பு பார்த்துக்கொள்ளும், சாப்பாட்டில் வராததைத் தசையை உடைத்துத் தயாரித்துக்கொள்ளும். கட்டிக்குத் தேவையானது கிடைத்துக்கொண்டேதான் இருக்கும், இழப்பு நோயாளிக்கு. அதற்காக இனிப்புப் பண்டத்தையும் குளிர்பானத்தையும் அள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிடைக்கும் சின்ன இடத்தில் புரதத்தோடு வரும் சாப்பாடு போகட்டும் என்பதுதான் என் கணக்கு.

விரதம் பற்றி மேலே எழுதியதே பதில். ஓர் இரவுப் பட்டினியே இவ்வளவு செய்யும்போது ஒரு முழுநாள் சாறு என்ன செய்யும் என்று யோசியுங்கள். கல்லீரலுக்கு ஓய்வு என்று ஒன்று பட்டினியில் கிடைப்பதில்லை.

மாத்திரைகளைப் பற்றி நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டீயாகப் போட்டுக் குடிக்கும் பச்சைத் தேயிலை வேறு, அதன் சத்தைப் பிழிந்தெடுத்த மாத்திரை வேறு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதை ஆராய்ந்து, அந்த மாத்திரைகளிலிருந்து நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி என்ற பொருள் உள்ளே போகும்போது ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் (கல்லீரல் பாதிக்கப்படுவதைக் காட்டும் பொருட்கள்) ஏறுவதைச் சுட்டிக்காட்டியது. சமையலில் போடும் மஞ்சளால் பிரச்சினை இல்லை. செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால், அதுவும் மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய வகையால், கல்லீரல் அழற்சி வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கூடுதல் வைட்டமின் ஏ, இரும்பு மாத்திரை இவையும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். ஆரோக்கியமானவருக்குத் தாங்கும் ஒன்று, பாதிக் கல்லீரலோடு இருப்பவருக்குத் தாங்காது. அதைவிட, நடுவில் நொதிகள் ஏறினால் காரணம் புற்றுநோய் மருந்தா இந்த மாத்திரையா என்று தெரியாமல் டாக்டர் நல்ல மருந்தையே நிறுத்த வேண்டி வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மனம் வெந்துபோகும்.

மதுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு துளியும் கூடாது. காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்த வேண்டாம். காபி குடிப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வரும் அபாயம் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. வந்த நோயை அது குணப்படுத்தும் என்று அர்த்தமில்லை.

வேர்காணி:

மாத்திரை விஷயம் எனக்குப் புதிது. சரி, அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பூஞ்சை பிடித்த கடலை கல்லீரலுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதுதானே?

அன்னப்பறவை:

முழு உண்மை. நிலக்கடலையிலும் சோளத்திலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்ஸின் என்ற நச்சை உண்டாக்குகிறது. அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிசெய்யப்பட்ட விஷயம். ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு அபாயம் பல மடங்கு கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாக அழியாது. நிறம் மாறியது, சுருங்கியது, கசப்பது, பூசணம் தெரிவது எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள். நல்ல கடலை நல்ல சாப்பாடு, 30 கிராமில் 7 கிராம் புரதம் இருக்கிறது.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு நேற்றிரவே முட்டையும் ரொட்டியும் கொடுத்தேன், பாதி சாப்பிட்டார். இரண்டு கேள்விகள்.

ஒன்று, வயிற்றில் நீர் இருப்பதால் உப்பே கூடாதா? உப்பில்லாமல் கொடுத்தால் அவர் தொடுவதே இல்லை. இரண்டு, போன மாதம் ஒருநாள் பேச்சு குழறி, பகலில் தூங்கி இரவில் விழித்துக்கொண்டு, என்ன கிழமை என்றே தெரியாமல் இருந்தார். அம்மோனியா ஏறியது என்றார்கள். அதனால் புரதமே கொடுக்கக் கூடாது என்று சித்தப்பா உறுதியாகச் சொல்கிறார். அவரிடம் என்ன சொல்ல?

அன்னப்பறவை:

இரண்டாவது கேள்வி முதலில், ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம்.

புரதம் உடையும்போது வரும் அம்மோனியாவைக் கல்லீரலால் அகற்ற முடியாமல் போனால் அது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கலக்கும். இந்த அம்மோனியா குழப்பம் வந்தால் புரதத்தை நிறுத்துவது பழைய வழக்கம். உங்கள் சித்தப்பா அந்தக் காலத்தில் கேட்டதைச் சொல்கிறார், அவரைக் குறைசொல்ல முடியாது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தக் குழப்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஒரு பாதிக்குப் புரதத்தைக் குறைத்தும், மறுபாதிக்கு வழக்கமான அளவிலும் கொடுத்தார்கள். குறைத்தவர்களுக்குக் குழப்பம் சீக்கிரம் தெளியவில்லை, மாறாக உடம்பின் புரதம் அதிகமாக உடைந்தது. காரணம் எளிது. தசையும் அம்மோனியாவை வாங்கிக்கொண்டு அப்புறப்படுத்தும் உறுப்பு. தசையைக் கரைத்தால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. இன்றைய வழிகாட்டுதல்கள் புரதத்தைக் குறைக்காதே என்றுதான் சொல்கின்றன.

இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் பால், தயிர், பருப்பு வகைகளின் பங்கைக் கூட்டுங்கள். செடியிலிருந்து வரும் புரதத்தோடு நார்ச்சத்தும் வருவதால் மலம் தடைபடாது. மலச்சிக்கல்தான் அம்மோனியாவின் பெரிய நண்பன். லாக்டுலோஸ் சிரப் கொடுத்திருந்தால், நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போகிற அளவுக்கு அதைச் சரிசெய்யச் சொல்வார்கள். வயிற்றுப்போக்காக மாறினாலும் தப்பு, உடம்பு நீர் வற்றி அதே குழப்பம் திரும்பும். இன்னொன்று, குழப்பம் மறுபடி வந்தால் சாப்பாட்டைக் காரணம் காட்டி வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் தொற்றோ ரத்தக்கசிவோ இருக்கலாம், உடனே அழைத்துப் போங்கள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் சாப்பாடு திணிக்க வேண்டாம், புரையேறும்.

உப்புக்கு வருவோம். நீர் கோத்திருக்கும்போது நாள் முழுவதற்கும் சேர்த்து சுமார் 5 முதல் 6.5 கிராம் உப்பு வரை என்பது வழக்கமான வரம்பு, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. இதில் சாப்பாட்டுப் பொருளில் ஏற்கெனவே மறைந்திருப்பதும் அடக்கம். ஊறுகாய், சிப்ஸ், பாக்கெட் சூப், சாஸ், பதப்படுத்திய இறைச்சி, டப்பா உணவு இவற்றை நிறுத்தினாலே பெரும்பகுதி குறைந்துவிடும், சமையலில் கொஞ்சம் உப்பு போட இடம் கிடைக்கும். உப்பே இல்லாமல் கொடுத்து அவர் சாப்பிடாமல் போவதைவிடக் கொஞ்சம் உப்போடு சாப்பிடுவது எனக்கு ஆயிரம் மடங்கு மேல். எலுமிச்சை, பூண்டு, மிளகு, சீரகம், புதினா எல்லாம் கைகொடுக்கும்.

கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். நீர் இறங்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே பொட்டாசியம் தங்கும், இரண்டும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து. தண்ணீரைக் குறைப்பதும் எல்லோருக்கும் தேவையில்லை. ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியவர்களுக்கு டாக்டர் சொல்வார், அப்போது மட்டும்.

கல்மண்டபம்:

எனக்குக் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, பிறகு கட்டி திரும்பி வந்து, கடைசியில் மாற்றுக் கல்லீரல் பொருத்தியிருக்கிறார்கள். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன்.

நெடுவழி, உங்கள் அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி என்றால் அதற்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்குமே? அது என்டெகாவிர் என்றால் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மாத்திரை, சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் பின்னும் அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்னும். நிறைய பேர் படுக்கும்போது போட்டுக்கொள்கிறார்கள். அப்படியானால் அன்னப்பறவை சொல்லும் இரவுச் சிற்றுணவோடு அது மோதும். எனக்கும் அது மோதியது, டாக்டரிடம் கேட்டு மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்றால் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். எந்த மாத்திரை என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள், நீங்களாக நேரம் மாற்ற வேண்டாம்.

புற்றுநோய் மாத்திரை தொடங்கினாலும் இதே கவனம் வேண்டும். சொராஃபெனிப் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு போனால் உடம்பில் ஏறுவது குறையும். ரெகோராஃபெனிப் கொழுப்பு குறைந்த சிறு சாப்பாட்டுக்குப் பின். கபோசான்டினிப் வெறும் வயிற்றில், 2 மணி நேரம் முன்பும் 1 மணி நேரம் பின்பும் எதுவும் சாப்பிடாமல். லென்வாடினிப் மட்டும்தான் எப்படியும் சாப்பிடலாம். ஒரு தாளில் நாளின் மணி நேரங்களை எழுதி, மாத்திரையை ஒரு நிறத்திலும் சாப்பாட்டை இன்னொரு நிறத்திலும் குறித்து ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்தத் தாள் இல்லையென்றால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

தூரத்துமேகம்:

கல்மண்டபம் ஐயா சொன்ன மாத்திரைகளில் ஒன்றில்தான் என் கணவர் இருக்கிறார். வயிற்றுப்போக்குதான் பெரிய தொல்லை. அந்த நாட்களில் பால், பொரித்தது, பச்சைக் காய்கறி குறைத்து, சோறு, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை என்று கொடுத்தேன். போன நீரை ஓஆர்எஸ் கரைசலால் ஈடுகட்டலாம். ஆனால் அதில் உப்பு இருப்பதால் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியாகப் போடும் இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை) என்றால் கதை வேறு. அதில் வரும் வயிற்றுப்போக்கு குடல் அழற்சியாக இருக்கலாம், சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாந்தியில் ரத்தமோ, தார் மாதிரி கறுப்பு மலமோ வந்தால் எந்தச் சிகிச்சையில் இருந்தாலும் உடனே அவசரப் பிரிவு.

ஈரமணல்:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கும் கல்லீரல் புற்றுநோய், ஆனால் அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு, சைவம் வேறு. படுக்கும் முன் மாவுச்சத்து கொடுத்தால் காலையில் சர்க்கரை ஏறாதா?

அன்னப்பறவை:

ஏறலாம், அதனால் மொத்தத்தைக் கூட்டாமல் பகலின் பங்கிலிருந்து கொஞ்சத்தை இரவுக்கு நகர்த்துங்கள். இனிப்பு பிஸ்கட்டுக்குப் பதில் முழுதானிய ரொட்டி, கொண்டைக்கடலை, பால், பனீர் என்று போனால் மெதுவாக ஏறும். இன்சுலினோ மாத்திரையோ மாற்ற வேண்டியிருந்தால் டாக்டர் மாற்றுவார். கல்லீரல் நோய் முற்றும்போது சர்க்கரை திடீரென்று இறங்கும் அபாயமும் உண்டு, இரவு வெறும் வயிறு அதைக் கூட்டும். சைவத்தில் புரதம் எட்டாது என்று நினைக்காதீர்கள். பால், தயிர், பனீர், சோயா, பருப்பு, கடலை வகைகளை ஒவ்வொரு வேளையிலும் ஒன்றாவது வைத்தால் எட்டிவிடும். எட்டவில்லை என்றால் சத்துபானம் சேர்க்கலாம், எது என்று டயட்டீஷியனைக் கேட்டு வாங்குங்கள்.

நெடுவழி:

டேஸ் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை என்டெகாவிர்தான், நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கல்மண்டபம் ஐயாவுக்கு நன்றி.

இப்போது காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, வாயைத் திறந்தாலே குமட்டல். இது சில நாள் இருக்கும் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் ஏறிய சாப்பாடு மறுபடி இறங்கிவிட்டது. அம்மா அழுகிறார். நேற்று அவரைச் சாப்பிடச் சொல்லி வீட்டில் பெரிய சண்டை.

கல்மண்டபம்:

எனக்கும் டேஸுக்குப் பின் அப்படித்தான் இருந்தது. குமட்டல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்கலாமா என்று கேளுங்கள். அந்த நாட்களில் நான் மென்றதைவிடக் குடித்ததுதான் அதிகம். பாலில் வாழைப்பழமும் பால் பவுடரும் அடித்து, ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு வாய் வாயாக. அளவு பார்க்காமல் இடைவெளி மட்டும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இறங்காமல் ஏறினாலோ நடுங்கினாலோ சொன்ன நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், கூப்பிடுங்கள்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் நடக்க வையுங்கள். வீட்டுக்குள்ளேயே போதும். படுத்தே இருப்பவருக்கு எவ்வளவு புரதம் கொடுத்தாலும் தசையில் ஒட்டாது.

தூரத்துமேகம்:

நெடுவழி, தங்கையாக நினைத்துச் சொல்கிறேன். சாப்பாட்டு மேசையில் சண்டை வேண்டாம். பசி இல்லாதது அப்பாவின் பிடிவாதம் இல்லை, நோயே பசியை அணைக்கிறது. "ஏன் சாப்பிடவில்லை" என்று நாம் கேட்கக் கேட்க அவருக்குத் தட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிடும். சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், பெரிய தட்டில் குவிக்காதீர்கள். நீங்களும் அம்மாவும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், வேறு பேச்சு பேசுங்கள். மிச்சம் வைத்தால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வேறொன்று கொடுங்கள். ஹெபடைடிஸ் பி என்பதால் தட்டைத் தனியாக வைத்திருந்தால் அதையும் விடுங்கள். கூடச் சாப்பிடுவதாலோ பாத்திரம் பகிர்வதாலோ அது பரவாது. வீட்டில் எல்லோரும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும். என் மாமியார் இந்த நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது எங்கள் டாக்டர் ஒன்று சொன்னார். சிகிச்சை நடக்கும்போது சாப்பாடு மருந்து மாதிரி, விடாமல் கொடுக்க வேண்டும். நோய் எல்லை தாண்டிய பிறகு சாப்பாடு ஆறுதலுக்கு மட்டும், அப்போது கலோரிக் கணக்கும் உப்புக் கணக்கும் வேண்டாம் என்று. உங்கள் அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை. இப்போது கணக்குப் பாருங்கள். இந்த இழையைப் படிக்கும் வேறு யாராவது அந்தக் கட்டத்தில் இருக்கலாம், அவர்களுக்காக எழுதினேன்.

ஈரமணல்:

அக்கா, அது எனக்காக எழுதியது மாதிரியே இருக்கிறது. நன்றி.

கல்மண்டபம்:

ஒரு வேளை மாற்றுக் கல்லீரல் பொருத்தும் வரை போனால் என்று கேட்டு ஒருவர் தனியாக எழுதியிருந்தார், பதிலை இங்கேயே போடுகிறேன். மாற்றுக்குப் பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வாழ்நாள் முழுவதும். பச்சை மீன், பச்சை முட்டை, காய்ச்சாத பால், அரைவேக்காட்டு இறைச்சி கிடையாது. குறிப்பாகச் சிப்பி வகைகளைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது, கடல்நீரில் உள்ள விப்ரியோ என்ற கிருமி கல்லீரல் நோயாளிகளைக் கொன்றுவிடும். இது மாற்றுக்கு முன் சிரோசிஸ் இருக்கும் காலத்துக்கும் பொருந்தும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் பக்கமே போகக் கூடாது, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பசி திரும்பி வந்ததும் எடை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றும் ஏறப் பார்க்கும். அதுவரை "சாப்பிடு சாப்பிடு" என்றவர்களே இப்போது "பார்த்துச் சாப்பிடு" என்பார்கள், இரண்டும் சரிதான்.

பகுதி வெட்டி எடுத்த அறுவைக்குப் பின் அப்படியில்லை. மிச்சக் கல்லீரல் வளரும் முதல் சில வாரங்களில் உடம்புக்குச் சத்து நிறைய வேண்டும், அப்போது குறைத்துச் சாப்பிடும் யோசனையே வேண்டாம்.

நெடுவழி:

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்று இரவு தயிரும் பழமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோபி. முதல் நாள் இரவிலிருந்தே சாப்பிடக் கூடாது என்று தாளில் இருக்கிறது, நேரமோ மதியம் 2 மணி. அவ்வளவு நேரம் வெறும் வயிறாக விடலாமா?

அன்னப்பறவை:

அந்தத் தாள் எல்லோருக்கும் பொதுவாக அச்சடித்தது. கூப்பிட்டு, சிரோசிஸ் நோயாளி, நீண்ட பட்டினி கூடாது என்று சொல்லி, காலையில் முதல் ஆளாக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் பல இடங்களில் லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தெளிந்த பானத்துக்கு 2 மணி நேரம் என்பதுதான் வழக்கமான இடைவெளி. வயிற்றில் நீர் இருப்பவருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும் என்பதால் அவர்கள் கூடுதலாகச் சொல்லலாம், சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் முதல் நாள் இரவு படுக்கும் முன் கொடுப்பதை, அவர்கள் அனுமதிக்கும் கடைசி நேரத்துக்கு நகர்த்திக் கொடுங்கள். முடிந்து வெளியே வந்ததும் கொடுக்க ஒரு டப்பாவில் ஏதாவது கையோடு எடுத்துப் போங்கள், எப்போது சாப்பிடலாம் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

நெடுவழி:

பேசிவிட்டேன். காலை 8 மணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், முதல் நாள் நள்ளிரவு வரை சாப்பிடலாமாம். டப்பாவில் முட்டை ரொட்டி.